கடலோர ரயில் பாதை: வணிகர்கள் இப்போதே கவனிக்க வேண்டியவை



செங்கல்பட்டிலிருந்து கிழக்கே புறப்பட்டால் திருக்கழுக்குன்றம். அதைத் தாண்டினால் மாமல்லபுரம். சுமார் முப்பது கிலோமீட்டர் தூரம்தான். 1984-ல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னங்களின் பட்டியலில் சேர்த்த ஊர் அது. 2019 அக்டோபரில் நம் பிரதமரும் சீன அதிபரும் சந்தித்துப் பேசியதும், 2022-ல் செஸ் ஒலிம்பியாட் நடந்ததும் அங்கேதான். இத்தனை பெயர் பெற்ற ஊருக்கு இன்றுவரை ரயில் கிடையாது. அங்கே கடை வைத்திருக்கும் நம் வியாபாரிக்கு ஒரு மூட்டை துவரம்பருப்பு போக வேண்டுமானாலும் லாரியோ டெம்போவோதான் கதி.

இந்தக் குறையைப் போக்கத் திட்டம் இல்லாமல் இல்லை. சென்னையிலிருந்து மாமல்லபுரம், புதுச்சேரி வழியாகக் கடலூர் வரை 179 கிலோமீட்டர் நீளத்துக்குப் புதிய பாதை என்று 2008–09-ல் ரயில்வே கணக்கில் ஏறிய திட்டம் அது. பதினைந்து வருஷத்துக்கு மேல் ஓடிவிட்டது. மாமல்லபுரத்தில் இன்னும் ஒரு தண்டவாளத் துண்டு கிடையாது. நடுவில் சில ஆண்டுகள் பட்ஜெட்டில் இதற்கு ஒதுக்கிய தொகை ஆயிரம் ரூபாய். கோடியும் இல்லை, லட்சமும் இல்லை, வெறும் ஆயிரம். நல்ல அரிசியாக ஒரு இருபத்தைந்து கிலோ மூட்டை வாங்கக்கூட அது போதாது. கணக்குப் புத்தகத்திலிருந்து பெயர் அடிபட்டுப் போகாமல் இருக்க எழுதி வைக்கும் மொய் என்றுதான் அதைச் சொல்ல வேண்டும்.

"தூங்குகிற திட்டத்தைப் பற்றி இப்போது எதற்குப் பேச்சு?" என்று நண்பர்கள் கேட்கலாம். திட்டம் தூங்கும்போதுதான் வியாபாரி விழித்திருக்க வேண்டும். அது எழுந்து நடக்க ஆரம்பித்த பிறகு, கல் நட்டுவிட்டுப் போன பிறகு, நாம் ஓடிப் போய்ச் சொல்வதற்குக் கிடைக்கும் அவகாசம் மிகவும் குறைவு. அதை விளக்கத்தான் இந்தக் கட்டுரை.

பாதை எந்தப் பக்கம்?

முதலில் வந்த யோசனை, சென்னைப் பெருங்குடியில் ஆரம்பித்துக் கடலோரமாக மாமல்லபுரம் வருவது. பறக்கும் ரயில் 2007-ல் வேளச்சேரி வரை வந்துவிட்டது. அங்கிருந்து தெற்கே இழுப்பது சுலபம் என்று அப்போது தோன்றியது. ஆனால் பழைய மாமல்லபுரம் சாலையிலும் கிழக்குக் கடற்கரைச் சாலையிலும் கம்ப்யூட்டர் கம்பெனிகளும் அடுக்குமாடிகளும் வந்து நிலத்தின் விலை வானத்துக்குப் போய்விட்டது. ஆகவே, ஏற்கெனவே ரயில் இருக்கும் செங்கல்பட்டிலிருந்து பிரித்து மாமல்லபுரம் கொண்டுபோய், பிறகு தெற்கே திருப்பலாம் என்ற யோசனை வந்தது.

பெருங்குடி வழியா, செங்கல்பட்டு வழியா என்பது ரயில்வே அதிகாரிக்கு வரைபடத்தில் ஒரு கோடு. நமக்கு அது பிழைப்பு. பெருங்குடி வழி என்றால் மாமல்லபுரத்து வியாபாரி சென்னையோடு சேர்ந்துவிடுவார். செங்கல்பட்டு வழி என்றால் திருக்கழுக்குன்றம் நடுவழி நிலையமாகலாம். செங்கல்பட்டு மண்டிக்குக் கிழக்கே ஒரு புதிய வாசல் திறக்கும். ஊரை ஒட்டிப் போகிறதா, ஊருக்கு வெளியே இரண்டு மைல் தள்ளிப் போகிறதா என்பதில் இன்னும் எத்தனையோ அடங்கியிருக்கிறது.

ஒரு புதிய பாதை பல படிகளைத் தாண்டி வருகிறது. முதலில் எத்தனை பயணிகள், எவ்வளவு சரக்கு கிடைக்கும் என்ற போக்குவரத்துக் கணக்கெடுப்பு. அடுத்து பாதை எந்த நிலத்தில் போகும் என்று முடிவு செய்யும் இறுதி இட அளவாய்வு. பிறகு விரிவான திட்ட அறிக்கை, பண ஒப்புதல், நிலம் எடுப்பு. கடைசியில்தான் மண் வேலை. நம்மில் பெரும்பாலோர் நிலம் எடுக்கும் நோட்டீஸ் வந்த பிறகே கண் விழிக்கிறோம். அதற்குள் முக்கியமான முடிவுகள் எல்லாம் முடிந்திருக்கும். சந்தை முடிந்த பிறகு சாக்கு மூட்டையோடு போய் நின்றால் என்ன கிடைக்கும்?

கொங்கணக் கடற்கரையில் நடந்ததைப் பாருங்கள். 1990-ல் வேலை ஆரம்பித்த கொங்கண் ரயில்வே 1998 ஜனவரியில் முழுப் பாதையாக ஓட ஆரம்பித்தது. கோவாவில் மட்டும் பாதை எந்தப் பக்கம் போவது என்று பெரிய கிளர்ச்சி எழுந்தது. உப்பு நீர் ஏறாமல் கரை கட்டிப் பயிர் செய்யும் கழிமுக வயல்களும், பழைய கோயில்களும் தேவாலயங்களும் உள்ள கடலோரப் பகுதியை விட்டு உள்நாட்டுப் பக்கமாகப் போங்கள் என்றார்கள் அந்த ஊர் மக்கள். விசாரிக்க ஆணையமே அமைத்தார்கள். கடைசியில் பாதை பெரும்பாலும் முதலில் போட்ட கோட்டிலேயே போயிற்று. வேலை ஆரம்பித்த பிறகு எழுந்த குரல் அது. அளவாய்வு நடக்கும்போதே எழுந்திருந்தால் பலன் வேறாக இருந்திருக்கலாம்.

தண்ணீருக்கு வழி விடுங்கள்

நம் மாவட்டத்தை ஏரி மாவட்டம் என்று பெரியவர்கள் சும்மா சொல்லவில்லை. கொளவாய் ஏரி, மதுராந்தகம் ஏரி தொடங்கி ஊருக்கு ஊர் ஏரி. ஒரு ஏரி நிரம்பினால் கலங்கல் வழியாக அடுத்த ஏரி. அது நிரம்பினால் அடுத்தது. கடைசியில் பக்கிங்காம் கால்வாயும் கடலும். தண்ணீர் மேற்கிலிருந்து கிழக்கே போகிறது. கடலோர ரயில் பாதையோ பெரும் பகுதி வடக்கிலிருந்து தெற்கே போக வேண்டியது. பத்தடி உயரத்துக்கு மண் கொட்டிக் கரை எழுப்பினால் தண்ணீரின் குறுக்கே சுவர் வைத்தது போலத்தான். அதில் போதுமான பாலமும் மதகும் வைத்தால் நல்லது. செலவைக் குறைக்கிறேன் என்று நாலு பாலத்தை இரண்டாக்கினால், ஐப்பசி கார்த்திகையில் கரைக்கு மேற்கே இருக்கும் ஊர்களில் தண்ணீர் தேங்கும். வீட்டுக்காரர் கட்டிலைத் தூக்கி மேலே வைப்பார். மளிகைக் கடைக்காரர் இருநூறு மூட்டையை எங்கே தூக்கி வைப்பார்?

தண்ணீரை அலட்சியம் செய்தால் ரயிலுக்கும் ஆபத்துதான். 1956 நவம்பரில் அரியலூர் அருகே மருதையாற்றுப் பாலம் வெள்ளத்தில் போய், தூத்துக்குடி எக்ஸ்பிரஸ் ஆற்றில் கவிழ்ந்ததை நம் வீட்டுப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறோம். அதற்குப் பொறுப்பேற்று ரயில்வே மந்திரி லால்பகதூர் சாஸ்திரி பதவியை விட்டு விலகினார். அவ்வளவு தூரம் போக வேண்டாம். 2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்தது. விக்கிரவாண்டிக்கும் முண்டியம்பாக்கத்துக்கும் இடையே ரயில் பாலத்தில் வெள்ளம் அபாய அளவைத் தொட்டு, தென் மாவட்ட ரயில்கள் நின்றன. விழுப்புரம் பக்கம் தேசிய நெடுஞ்சாலையிலும் வெள்ளம். தெற்கேயிருந்து எங்கள் மண்டிக்கு வர வேண்டிய சரக்கு வழியிலேயே நின்றது. பாதை அடைத்துக்கொண்டால் முதலில் காலியாவது கடைக்காரர் அலமாரி.

இதில் நண்பர்கள் பலருக்குத் தெரியாத ஒரு விஷயம் உண்டு. பெரிய தொழிற்சாலை, துறைமுகம், நெடுஞ்சாலை வந்தால் 2006-ஆம் வருஷத்துச் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின்படி மத்திய அரசிடமோ மாநில ஆணையத்திடமோ முன் அனுமதி வாங்க வேண்டும். அவற்றில் பலவற்றுக்கு மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் ஊரிலேயே கூட்டம் போட்டு மக்கள் கருத்தைக் கேட்கும். அந்த அறிவிக்கையின் பட்டியலில் ரயில் பாதை சேர்க்கப்படவில்லை. அதாவது, ரயில் பாதைக்காக ஷாமியானா போட்டு மைக் வைத்து "உங்கள் குறை என்ன?" என்று கேட்கும் அந்தக் கூட்டம் வரும் என்று நாம் காத்திருந்தால் காத்துக்கொண்டே இருக்க வேண்டியதுதான்.

அதற்காக எந்தத் தடையும் இல்லை என்று அர்த்தம் இல்லை. கடற்கரை ஒழுங்குமுறை மண்டல விதிகள் இருக்கின்றன. 1991-ல் முதலில் வந்து, 2011-லும் 2019-லும் மாற்றி எழுதப்பட்டவை. கடலோரத்தில் அலை ஏறும் கோட்டிலிருந்து 500 மீட்டர் வரையும், கடல்நீர் ஏறி இறங்கும் கழிகள், கால்வாய்களின் ஓரமும் இவற்றில் அடங்கும். முட்டுக்காடு, ஒதியூர் போன்ற கழிகளின் பக்கம் பாலம் கட்டுவதானால் இந்த அனுமதி இல்லாமல் முடியாது. காப்புக்காடு குறுக்கிட்டால் 1980-ஆம் வருஷத்து வனச் சட்டம் வரும். மாமல்லபுரத்திலோ தொல்லியல் துறையின் சட்டம் உண்டு. 2010 திருத்தத்தின்படி, பாதுகாக்கப்பட்ட சின்னத்தைச் சுற்றி 100 மீட்டருக்குள் புதுக் கட்டடமே கூடாது. அதற்கு மேல் 200 மீட்டர் வரை அனுமதி வாங்கித்தான் கட்ட வேண்டும். கல்பாக்கத்தில் அணுமின் நிலையத்தைச் சுற்றித் தனிக் கட்டுப்பாடுகள். இவ்வளவையும் தாண்டிப் பாதை போக வேண்டுமானால் அது வளைந்துதான் போகும். எங்கே வளையும், யார் நிலத்தில் வளையும் என்பதே நாம் கேட்க வேண்டிய கேள்வி.

வாடகைக் கடைக்காரர் கதி

இப்போது நம் வயிற்றுப் பிரச்சினைக்கு வருகிறேன். நிலம் எடுத்தால் நில உரிமையாளருக்குப் பணம். கடை நடத்துகிறவருக்கு?

என்னிடம் முப்பது வருஷமாகச் சரக்கு எடுத்த ஒரு சில்லறை வியாபாரி. சாலையோரத்தில் வாடகைக் கடை. சாலையை அகலப்படுத்த அந்த இடத்தை எடுத்தார்கள். கட்டடக்காரருக்கு நஷ்ட ஈடு வந்தது. நம் நண்பர் கேட்டபோது, "உங்கள் பெயரில் ஏதாவது பத்திரம் இருக்கிறதா?" என்றார்கள். வாடகை மாதாமாதம் கையில் கொடுத்தது, ரசீது கிடையாது. ஒப்பந்தம் வாய்ப் பேச்சு. மின் இணைப்பு வீட்டுக்காரர் பெயரில். முப்பது வருஷம் அங்கே வியாபாரம் செய்ததற்கு ஊரே சாட்சி. ஆனால் ஒரு துண்டுக் காகிதம் சாட்சி இல்லை. வெறுங்கையோடு வெளியே வந்தார். எந்த இலாகா என்பது இங்கே முக்கியமில்லை. இது எங்கேயும் நடக்கும்.

சட்டத்தில் வாடகைக்காரருக்கு இடமே இல்லை என்று நினைக்க வேண்டாம். 2013-ல் நிறைவேறி 2014 ஜனவரி முதல் தேதி நடைமுறைக்கு வந்த நிலம் எடுப்புச் சட்டத்தில் "பாதிக்கப்பட்ட குடும்பம்" என்றால் நிலம் வைத்திருப்பவர் மட்டும் அல்ல. அந்தப் பகுதியில் மூன்று வருஷம் தொழில் செய்து, அதுவே முக்கியப் பிழைப்பாக இருந்து, அது போகிறவரும் அதில் சேருவார். இடம்பெயர நேரும் சிறு வியாபாரிக்கு ஒரு தடவை உதவித்தொகை குறைந்தது 25,000 ரூபாய் என்று அந்தச் சட்டத்தின் இரண்டாம் அட்டவணை சொல்கிறது. ரயில்வே சட்டத்தின்படி நிலம் எடுத்தாலும் இந்த அட்டவணைகள் பொருந்தும் என்று 2015-ல் மத்திய அரசு உத்தரவு போட்டிருக்கிறது. 25,000 ரூபாய் ஒரு கடையின் நல்ல பெயருக்கும் வாடிக்கைக்கும் ஈடாகாது. அலமாரியைப் பெயர்த்து வேறு இடத்தில் பூட்டவே அது சரியாகிவிடும். ஆனாலும் உரிமை உரிமைதான். அதைக் கேட்டு வாங்கக் காகிதம் வேண்டும்.

அவகாசத்தையும் தெரிந்துகொள்ளுங்கள். 1989 ரயில்வே சட்டத்தில் 2008-ல் சேர்த்த பகுதியின்படி, சிறப்பு ரயில்வே திட்டம் என்று நிலம் எடுத்தால் அறிவிக்கை வந்த நாளிலிருந்து முப்பது நாளைக்குள் ஆட்சேபணையை எழுத்தில் கொடுக்க வேண்டும். 2013 சட்டத்தின் வழியாகவே எடுத்தால் அறுபது நாள். அறிவிக்கை உள்ளூர்ப் பத்திரிகையிலும் வரும். நாம் பத்திரிகையில் விலைவாசியைப் பார்ப்போம், சினிமாவைப் பார்ப்போம். பொடி எழுத்தில் வரும் சர்வே நம்பர்களைப் பார்ப்பதில்லை. முப்பது நாள் என்பது நம் கடன் கணக்கில் ஒரு தவணை. கண் மூடித் திறப்பதற்குள் போய்விடும்.

வியாபாரம் கூடுமா, குறையுமா?

இரண்டும் நடக்கும். அதை மறைத்துப் பேசுவதில் பயன் இல்லை.

தாம்பரத்துக்குத் தெற்கே ஊரப்பாக்கம், கூடுவாஞ்சேரி, மறைமலைநகர், சிங்கப்பெருமாள்கோயில் ஆகிய ஊர்களைப் பாருங்கள். மின்சார ரயில் நிற்கும் ஊரில் குடித்தனம் பெருகியது. குடித்தனம் பெருகிய ஊரில் மளிகைக் கடை பெருகியது. மாலை ஆறு மணி ரயிலில் இறங்குகிறவர் வீட்டுக்குப் போகும் வழியில் கால் கிலோ உளுந்தும் ஒரு பாக்கெட் எண்ணெயும் வாங்கிப் போகிறார். அந்த வழியில் கடை வைத்தவர் பிழைத்தார்.

மறுபக்கமும் உண்டு. ஜனம் எங்கே இறங்குகிறதோ அங்கே வியாபாரம் போய்விடும். 1996-ல் கொத்தவால் சாவடிக் காய்கறி மார்க்கெட் கோயம்பேட்டுக்குப் போனபோது, அதை நம்பிப் பழைய இடத்தில் சுற்றிலும் பிழைத்தவர்கள் என்ன ஆனார்கள் என்று மூத்த வணிகர்களுக்குத் தெரியும். 2023 டிசம்பர் 30-ல் கிளாம்பாக்கம் பேருந்து நிலையம் திறந்து தென் மாவட்டப் பேருந்துகள் இடம் மாறிய பிறகு, கோயம்பேட்டில் அந்தப் பயணிகளை நம்பிக் கடை வைத்தவர்களுக்கும் அதே அனுபவம். ஆகவே நிலையம் எங்கே வருகிறது என்பது அரை கிலோமீட்டர் கணக்கு வரை நமக்கு முக்கியம். மாமல்லபுரத்தில் பேருந்து நிலையத்தையும் கடைத்தெருவையும் நம்பி இருப்பவர்கள் இதை மனத்தில் வைக்க வேண்டும்.

இன்னொன்று, இது பயணிகளுக்கான பாதை என்று மட்டும் பேசப்படுகிறது. சரக்கைப் பற்றிப் பேச்சே இல்லை. ஒரு காலத்தில் பத்து மூட்டையைக் கூட ரயிலில் போட்டு அனுப்பினோம். இன்று கூட்ஸ் என்றால் முழு ரேக் கணக்கு. சிறு வியாபாரிக்கு அது எட்டாது. குறைந்தபட்சம் நிலையத்தில் ஒரு பார்சல் அலுவலகமும், வண்டி வந்து நிற்க இடமும், ஏற்றி இறக்க மேடையும் திட்டத்திலேயே சேர்க்கச் சொல்லலாம். கட்டி முடித்த பிறகு கேட்டால் இடம் இல்லை என்பார்கள். கொங்கண் ரயில்வேயில் 1999 முதல் சரக்கு லாரியையே ரயிலில் ஏற்றிப் போகும் சேவை நடக்கிறது. கேட்டால் கிடைக்கும் என்பதற்கு அது ஒரு சான்று.

லாரி என்றதும் ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். புதுப் பாதைகளில் ரயில்வே கேட் வைப்பதில்லை. மேம்பாலமோ சுரங்கப் பாதையோதான். சிறு சாலைகளுக்கு உயரம் குறைந்த சுரங்கப் பாதை வைத்துவிடுவார்கள். அதில் காரும் ஆட்டோவும் போகும்; மூட்டை அடுக்கிய லாரி போகாது. மழைக் காலத்தில் தண்ணீர் நின்றால் சைக்கிள்கூடப் போகாது. பாதைக்கு அந்தப் பக்கம் இருக்கும் பத்து ஊருக்குச் சரக்கு அனுப்ப எட்டு கிலோமீட்டர் சுற்ற வேண்டியதானால், அந்த டீசல் செலவு யார் தலையில்? கடைசியில் அது ஒரு கிலோ பருப்பின் விலையில்தான் ஏறும்.

நாம் செய்ய வேண்டியவை

ஒன்று: வாடகைக் கடைக்காரர்கள் எழுத்து மூலமான ஒப்பந்தம், மாத வாடகை ரசீது, ஊராட்சி அல்லது பேரூராட்சித் தொழில் உரிமம், உணவுப் பாதுகாப்புப் பதிவு, ஜிஎஸ்டி இருந்தால் அது ஆகியவற்றைத் தற்போதைய முகவரியில் வைத்திருக்க வேண்டும். மூன்று வருஷத்து ஆதாரம் கையில் இருக்கட்டும்.

இரண்டு: செங்கல்பட்டு, திருக்கழுக்குன்றம், மாமல்லபுரம், கல்பாக்கம் பகுதிச் சங்கங்கள் ஒவ்வொன்றும், தங்கள் ஊருக்கு மாதம் எத்தனை டன் சரக்கு எங்கிருந்து வருகிறது என்று ஒரு கணக்கு எடுத்து வைக்க வேண்டும். போக்குவரத்துக் கணக்கெடுப்பு வரும்போது வாய்ப் பேச்சு செல்லாது, எண்தான் பேசும்.

மூன்று: எந்த இடத்தில் மழைத் தண்ணீர் எந்த உயரத்துக்கு வந்தது, எந்த ஓடை எங்கே போகிறது என்று 2015, 2024 அனுபவங்களைத் தேதியோடு எழுதி வைக்க வேண்டும். பாலம் எங்கே வேண்டும் என்று சொல்ல அதைவிட நல்ல ஆதாரம் கிடையாது. விவசாயிகளையும் மீனவர்களையும் இதில் சேர்த்துக்கொண்டால் நம் குரல் மூன்று மடங்கு ஆகும்.

நான்கு: அளவாய்வு, நிலம் எடுப்பு அறிவிக்கைகளைக் கவனிக்க ஒவ்வொரு கிளைச் சங்கத்திலும் இரண்டு பேரைப் பொறுப்பாகப் போட வேண்டும். திட்டத்தின் நிலையைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய்க் கட்டணத்தில் எழுதிக் கேட்கலாம். அது 2005-லிருந்து இருக்கும் வசதி.

ஐந்து: லாரி போகும் உயரத்துக்குச் சுரங்கப் பாதை, நிலையத்தில் பார்சல் வசதி, இடம்பெயரும் கடைக்காரருக்கு நிலைய வளாகக் கடைகளில் முன்னுரிமை. இந்த மூன்றையும் எம்.பி., எம்.எல்.ஏ., தெற்கு ரயில்வே ஆகியோரிடம் சங்கத்தின் பெயரில் மனுவாகக் கொடுக்க வேண்டும்.

ரயில் வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. 1879-லேயே விழுப்புரத்திலிருந்து புதுச்சேரிக்கு ரயில் ஓடிவிட்டது. மாமல்லபுரம் மட்டும் இன்னும் பேருந்தை நம்பி நிற்பது நியாயமில்லை. ரயில் வரட்டும், தாராளமாக வரட்டும். ஆனால் சரக்கு வாங்கும்போது எடை பார்த்து, தரம் பார்த்து, விலை பேசித்தானே வாங்குகிறோம்? நம் ஊர் வழியாக நூறு வருஷத்துக்கு நிற்கப் போகும் ஒரு பாதையை மட்டும் பார்க்காமல் வாங்கலாமா? அடுத்த கிளைக் கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலில் இதை ஒரு பொருளாகச் சேருங்கள். மனுவின் நகல்களை நம் பத்திரிகைக்கும் அனுப்பி வையுங்கள்.